பத்தொன்பதாம் பக்கம்: பதறும்போது படிக்க

போடியில் ஏலக்காய்க் கடைக்காரர் வீட்டில் பிறந்து, தேனி அல்லிநகரத்தில் வாழ்க்கைப்பட்டவள் கிருபாவதி. வயது நாற்பத்தாறு. சீரியல் கிடையாது, சீட்டு கிடையாது, வம்பு வழக்கு கிடையாது. அவளுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், கண்ணில் பட்ட சாமானையெல்லாம் எப்படி இயக்குவது என்று எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுவது.

அவள் வீட்டுக்குப் போனால் வாசல் கேட்டிலேயே ஆரம்பித்துவிடும். 'கொக்கியைத் தூக்கிவிட்டுத் தள்ளவும். தள்ளிவிட்டுத் தூக்கினால் விரல் மாட்டும்.' குளியலறை ஹீட்டரில் ஏழு வரி. மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒன்பது வரி. மிக்ஸியின் மேல் லேமினேட் செய்த அட்டை: 'ஓடும்போதே நின்றுவிட்டால் மிக்ஸி போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டு அதை அமுக்கவும்.' சர்ச் ஜெனரேட்டருக்கு அவள் எழுதிக் கொடுத்த தாளின் முதல் வரி, 'காலில் செருப்பு இருக்கிறதா?' என்பது.

நல்ல தமிழ். ஒரு பிழை கிடையாது. என்ன இருந்து என்ன, ஒருத்தரும் படிக்கமாட்டார்கள். அதுதான் அவளுடைய தீராத துக்கம். அவள் புருஷன் ஞானதுரை ஊருக்கே பம்பும் பைப்பும் விற்கிற ஹார்டுவேர் கடைக்காரர். மிக்ஸி நின்றால் அந்த அட்டைக்கு நேர் எதிரே நின்றுகொண்டு அவளுக்குப் போன் போடுவார். எழுதி ஒட்டியிருக்கிறேனே, பாருங்கள் என்பாள். அதை யார் உட்கார்ந்து படிக்கிறது, நீயே வந்து பாரு என்பார். அவள் தன் டி.டி.பி. கடையைச் சாத்திவிட்டு வந்து, அடியில் கையை விட்டு அமுக்கிவிட்டுப் போவாள். சர்ச்சிலும் அதே கதை. ஆராதனை நடுவே கரண்ட் போனால், மணியடித்து விளக்குப் போடுகிற கோயில்குட்டியார் ஜெனரேட்டர் தாளைப் பார்க்கமாட்டார், பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்துக் கிருபாவதியைத்தான் தேடுவார். அவள் ஜெபத்துக்கு மூடிய கண்ணைத் திறந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பின்பக்கம் ஓடுவாள்.

இப்படி ஓடி ஓடி அவளுக்கு ஒரு ஆசை வளர்ந்துவிட்டது. சாவதற்குள் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, தன்னிடம் எதுவும் கேட்காமல், தான் எழுதியதை மட்டும் படித்து ஒரு காரியத்தைச் செய்து முடிக்க வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்தாள்.

அல்லிநகரத்தில் அவளுக்கு ஒரு டி.டி.பி. சென்டர் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று இருபத்திரண்டு வருஷமாக அடிக்கிறாள். அங்கேதான் ஒரு திங்கட்கிழமை சூரியபிரகாஷ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். மார்க்கையன்கோட்டைக்காரன். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்க்கிறவன். சாயங்காலங்களில் ஸ்டான்லி அண்ணாச்சிக்காக ஒரு கருவி செய்து கொடுத்திருந்தான்.

ஸ்டான்லி அண்ணாச்சி யாரென்றால், தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் மண்டபங்களுக்கு எல்.ஈ.டி. திரை வாடகைக்கு விடுகிறவர். இப்போதெல்லாம் அந்தத் திரை இல்லாமல் விசேஷம் இல்லை. சீர் கொண்டு வருகிற ஒவ்வொரு குடும்பமும் மண்டப வாசலில் கால் வைக்கும்போது மேடைத் திரையில் அவர்கள் படமும் பேரும் 'வருக வருக' என்று வந்தாக வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஸ்லைடு. யாருக்குப் பின் யார் என்று வீட்டுக்காரர்கள் முந்தின நாளே வரிசை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வருகிறவர்கள்தான் அந்த வரிசையில் வருவதில்லை. தாய்மாமன் வேன் உத்தமபாளையத்தில் டீக்கு நின்றுவிடும். கடைசியாக வர வேண்டிய அத்தை வீட்டார் முதல் ஆளாக வந்து இறங்குவார்கள். அத்தை நுழையும்போது மாமன் படம் வந்துவிட்டால் அன்றைக்குப் பந்தியில் யாருக்கும் சோறு இறங்காது. ஆபரேட்டர் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து மேலும் கீழும் போடுவதற்குள் வியர்த்து வழிந்துவிடுவான்.

சூரியபிரகாஷின் கருவியில் அந்த அவதி கிடையாது. வரிக்கு ஒரு பேராகப் பட்டியல் அடித்து, பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும், எல்லா ஸ்லைடும் அந்த வரிசைக்குத் தானாக வந்து நின்றுவிடும். கருவி தங்கமானது. ஆபரேட்டர்கள்தான் விசேஷத்துக்கு நாலு தடவை அவனுக்குப் போன் போட்டார்கள். ஒரு நாள் பெங்களூர் மேனேஜரோடு மீட்டிங்கில் இருக்கும்போது இவன் மைக்கை அணைக்க மறந்துவிட்டான். "தம்பி, மாமன் பந்தலுக்குள்ள வந்துட்டாக, பச்சப் பொத்தானக் காணோம்" என்று கம்பத்திலிருந்து வந்த அலறல் பெங்களூர் முழுக்கக் கேட்டுவிட்டது.

"எழுதிக் குடுங்கக்கா. படிச்சாலே புரியிற மாதிரி ஒரு புத்தகம்" என்றான்.

கிருபாவதிக்குக் காது அடைத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து யாரும் கேட்காமலே எழுதி எழுதி ஒட்டியவளிடம் ஒருவன் வந்து எழுதித் தரக் கேட்கிறான். வாசலில் போன ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்றிருந்தது. பால் வாங்கி வரச் சொல்லி அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். தனக்கு இரண்டு தம்ளர் ஊற்றிக் குடித்தாள்.

ஸ்டான்லி அண்ணாச்சிக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவர் அவளுடைய சர்ச்காரர்தான், ஜெனரேட்டர் தாளின் கதி அவருக்கும் தெரியும். இந்தக் காலத்தில் எவன் புத்தகம் படிக்கிறான், என் மகள் ஜாய்ஸிடம் சொன்னால் பாட்டுப் போட்டு ஒரு வீடியோ எடுத்துத் தந்துவிடுவாள் என்றார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மார்க்கையன்கோட்டையில் ஒரு காதுகுத்து. கருவியைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு ஆபரேட்டரை அனுப்புவார். கையில் புத்தகம் மட்டும் இருக்கும்.

"அவன் ஒருத்தருக்கும் போன் போடாம வேலைய முடிச்சுட்டான்னா உன் புத்தகந்தான் எல்லாருக்கும். யாராவது வாய்ல சொல்லித்தான் அவன் செஞ்சான்னு தெரிஞ்சா, வீடியோதான். சம்மதமாம்மா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டு நேரே கடைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

பதின்மூன்று நாள் எழுதினாள். சூரியபிரகாஷ் கருவியைப் பற்றிச் சொன்னது நாலே வாக்கியம், அவ்வளவுதான்கா என்று முடித்துவிட்டான். அவள் கேட்ட கேள்விகள் எழுபதைத் தாண்டும். மவுஸ் இல்லாவிட்டால்? பேருக்குப் பின்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்துவிட்டால்? ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால்? கடைசிக் கேள்விக்கு அவன் சிரித்தான், அதெல்லாம் நடக்காதுக்கா என்றான். தம்பி, இந்தப் பக்கம் ஒரு குலசாமி பேரை ஒரு வம்சத்தில் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார்கள் என்று உன் வீட்டிலேயே எண்ணிப் பார் என்றாள். எண்ணிப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கே கருவியைத் திருத்தினான். ஊர்ப் பேரையும் சேர்த்து அடித்தால் கருவி ஆளைப் பிரித்துக்கொள்ளும்படி செய்தான். கிருபாவதி அதற்குத் தனியாக அரைப் பக்கம் ஒதுக்கினாள்.

பட்டியலில் இருக்கிற பேருக்கு ஸ்லைடே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டாள். திரை வெறுமையாக நிற்கக் கூடாதில்லையா, அந்த இடத்தில் கருவி கடைசி ஸ்லைடை எடுத்து வைத்துவிடும் என்றான். நல்ல யோசனை என்று அதையும் எழுதிக்கொண்டாள். விசேஷத்தில் கடைசி ஸ்லைடு எதுவாக இருக்கும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

கருவிக்கு அவன் வைத்திருந்த பேர் இங்கிலீஷில் ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. அவள் 'வரிசை' என்று மாற்றினாள். இருபத்துநாலு பக்கம் வந்தது. அதில் அவளுக்கு மிகவும் பிடித்தது பத்தொன்பதாம் பக்கம். 'பதறும்போது படிக்க' என்று தலைப்பு. பதறுகிறவனுக்குச் சின்ன எழுத்து கண்ணில் ஏறாது என்று பெரிய எழுத்தில் அடித்திருந்தாள். எழுதும்போது ஜெனரேட்டர், மிக்ஸி, கேஸ் சிலிண்டர் என்று தன்னைத் தேடி வந்த பதற்றமெல்லாம் ஞாபகம் வர, அந்தப் பக்கத்தை மட்டும் ஒரே மூச்சில் முடித்தாள். கடைசி அட்டையில், மனசு கேட்காமல், பொடி எழுத்தில் தன் போன் நம்பரையும் போட்டுவிட்டாள். போடாமல் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரவில்லை என்று ஞானதுரையிடம் சொன்னாள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு எங்கே என்று கேட்டார். காதுகுத்துக்கு என்றாள். யார் வீட்டுக் காதுகுத்து என்றார். தெரியாது என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கல்யாணம் பண்ணி இருபத்தைந்து வருஷம் ஆனவருக்கு எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரியும்.

சின்னமனூரில் பஸ் மாறி மார்க்கையன்கோட்டை மண்டபத்தில் இறங்கினாள். பட்டுச் சேலையோடு ஒரு பெண்பிள்ளை நடுவயதில் வந்தால் விசேஷ வீட்டில் யாரும் தடுப்பதில்லை. இவர்கள் அவர்கள் சொந்தம் என்று நினைப்பார்கள், அவர்கள் இவர்கள் சொந்தம் என்று நினைப்பார்கள். சந்தனம் கொடுத்தார்கள், பூ கொடுத்தார்கள். பிள்ளைகளின் அப்பா மாரிசெல்வம் கையெடுத்துக் கும்பிட்டு, இம்புட்டுத் தூரம் வந்ததுக்கு சந்தோசம் என்றார். அவளும் ரொம்ப சந்தோசம் என்றாள், பொய்யில்லை.

ஆபரேட்டர் மேஜை மண்டபத்தின் இடது ஓரத்தில் இருந்தது. அதற்கு நாலு நாற்காலி தள்ளி, லேப்டாப்பும் புத்தகமும் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஆபரேட்டர் பேர் அழகர். முப்பத்தெட்டு வயது இருக்கும், முன்பு மைக்செட் வைத்திருந்தவர், கை காய்த்துப்போன ஆள். அவளை அவருக்குத் தெரியாது. அவர் புத்தகத்தைத் திறந்து வைத்து, வரிக்கு வரி விரலை நகர்த்தி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

படித்துக்கொண்டிருந்தார். கிருபாவதிக்கு எழுந்து நின்று மண்டபத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடலாம் போலிருந்தது. அவர் ஐந்தாம் பக்கத்தைப் புரட்டியபோது அவளும் மனசுக்குள் புரட்டினாள். 'இப்போது ஒரு முறை மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்' என்ற வரி வந்த இடத்தில் அவர் நிஜமாகவே மூச்சு விட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள், இருமலா, வெந்நீர் வேணுமா என்று கேட்டார்.

புத்தகத்தில் இருந்த மாதிரிப் பட்டியலை வைத்து ஒத்திகை பார்த்தார். சரியாக வந்தது. ஸ்டான்லி ஆபீஸில் அடித்துக் கொடுத்த பட்டியலைப் போட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். அதுவும் சரியாக வந்தது. யாருக்கும் போன் இல்லை. கிருபாவதி கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு வாசலில் நின்றிருந்த மாரிசெல்வத்தின் தங்கை யுவராணி ஓடிவந்தாள். வரிசை மாறிப்போச்சுண்ணே, பெரியப்பா வீட்டாருக்கு வண்டி பஞ்சராம், லோயர் கேம்ப் மாமாதான் முதல்ல வர்றாக, வேன் தெருமுனைக்கு வந்திருச்சு என்றாள். லோயர் கேம்ப் மாமா என்றால் சின்னக்கருப்பு, பிள்ளைகளின் தாய்மாமன். அவர் மடியில்தான் காது குத்த வேண்டும். மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுஷர் என்று அரைமணி நேரத்துக்குள் அவளிடமே மூன்று பேர் சொல்லியிருந்தார்கள்.

அழகர் பதறவில்லை. ஆறாம் பக்கத்தைத் திறந்தார். 'புதிய பட்டியல் எழுதுவது.' கீபோர்டை இழுத்துக்கொண்டு ஒரு புதுத் தாளைத் திறந்தார். முதல் வரியில் ஓர் எழுத்து அடித்தார்.

உ.

அடுத்த வரியில் 'லோயர் கேம்ப் சின்னக்கருப்பு' என்று ஆரம்பித்தார்.

கிருபாவதி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பிள்ளையார் சுழி. மளிகைச் சாமான் பட்டியல் எழுதினாலும், கடன் மனு எழுதினாலும், இந்தப் பக்கம் யார் கையும் முதலில் அதைத்தான் போடும். இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரிகை பத்திரிகையாக அவளே உச்சியில் அந்த எழுத்தை அடித்திருக்கிறாள். எழுபது கேள்வி கேட்ட மூளைக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. சர்ச்சுக்குப் போகிற அவள் வீட்டில் அந்த வழக்கம் இல்லாதது ஒரு காரணம் என்றால், சூரியபிரகாஷ் என்ன செய்தான்? அவனும் நேராகப் பேரிலிருந்தே அடித்துப் பழகிவிட்டான். கருவிக்குப் பிள்ளையாரைத் தெரியாது. 'உ' என்று ஒரு குடும்பத்தைத் தேடும். கிடைக்காது. அந்த இடத்தில் கடைசி ஸ்லைடைக் கொண்டுவந்து வைக்கும்.

கடைசி ஸ்லைடு எது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலே நாற்காலி. எழுந்து போய்க் காதோடு சொன்னால் முடிந்தது. சொல்லிவிட்டால் ஜாய்ஸின் வீடியோதான். அவள் நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பச்சைப் பொத்தான் அமுக்கப்பட்டது. வாசலில் மேளம் கொட்டியது. சின்னக்கருப்பு மீசையை நீவிக்கொண்டு, பக்கத்தில் மனைவி பவுனு மாலைத் தட்டோடு வர, பின்னால் சீர்த்தட்டுகள் வரிசை கட்டி நிற்க, மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்தார். மேடைத் திரை பளிச்சென்று மாறியது. ஆள் உயர எழுத்தில், கும்பிட்ட இரண்டு கைகளோடு:

'வந்திருந்து வாழ்த்திய அனைவருக்கும் நன்றி. சென்று வாருங்கள்.'

வைத்த காலை அவர் எடுத்தார். மேளக்காரர் பாதி அடியில் நிறுத்தினார்.

"ஏ மாப்ள" என்றார் சின்னக்கருப்பு, மாரிசெல்வத்தைப் பார்த்து, ரொம்ப நிதானமாக. "நாங்க இன்னும் உள்ளயே வரல. அதுக்குள்ள போயிட்டு வாங்கன்னு எழுதிப் போட்டிருக்கீக."

பவுனு தட்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டார். பின்னால் வந்த தட்டுகள் ஒன்றோடொன்று முட்டி நின்றன. மாரிசெல்வம் வாசலுக்கும் மேஜைக்கும் நடுவில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருந்தார்.

அழகர் புத்தகத்தைக் கவிழ்த்தார். கடைசி அட்டையைப் பார்த்தார். போனை எடுத்து அந்தப் பொடி நம்பரை அடித்தார்.

கிருபாவதியின் கைப்பையில் சர்ச் மணி அடித்தது. மேளம் நின்றுபோன மண்டபத்தில் அது நன்றாகவே கேட்டது. அவள் பையை எடுத்து நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். மணி இன்னும் அடித்தது.

"உங்க போனு அடிக்கிது" என்றார் பக்கத்து அம்மாள்.

"தெரியும்" என்றாள் கிருபாவதி.

எடுத்தால் அந்த மனிதர் பிழைத்துவிடுவார். எடுக்காவிட்டால் ஒரு காதுகுத்தே நின்றுபோகலாம். ஒரு புத்தகத்துக்காக ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்ட பாவம் வேண்டாம் என்று அவள் கை பையைத் தேடிப் போய்விட்டது. ஜிப்பைக்கூடத் திறந்துவிட்டாள். அதற்குள் மணி நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். அழகர் போனை மேஜையில் வீசிவிட்டுப் புத்தகத்தை மறுபடி புரட்டிக்கொண்டிருந்தார். அவர் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. பெரிய எழுத்துப் பக்கம்.

அந்தப் பக்கத்தில் இப்படி இருந்தது:

'கையை எடுங்கள். ஒன்றும் உடையவில்லை.

கீபோர்டில் பி என்ற இங்கிலீஷ் எழுத்தைத் தட்டுங்கள். திரை கறுத்துவிடும். எல்லோரும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். உங்களை யாரும் பார்க்கமாட்டார்கள்.

பட்டியலைத் திறங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஸ்லைடு இருக்கிறதா? இல்லாத வரியை நீக்குங்கள். நீக்க மனம் வராவிட்டால் அந்தப் பேரில் ஒரு ஸ்லைடைச் சேருங்கள் (எட்டாம் பக்கம்). பிறகு பச்சைப் பொத்தான்.'

அழகர் கையை எடுத்தார். பி எழுத்தைத் தட்டினார். திரை கறுத்தது.

"கரண்டு போச்சுப்பா" என்றது ஒரு குரல். கரண்டு போச்சு, கரண்டு போச்சு என்று மண்டபமே சொன்னது. தலைக்கு மேலே அத்தனை மின்விசிறியும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்ததை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெனரேட்டரைப் போடுங்கப்பா என்று மாரிசெல்வம் கத்தினார். யாரோ ஓடினார்கள். கரண்ட் கோளாறுதான் மாமா, தப்பா எடுத்துக்காதீக என்று யுவராணி வாசலில் கெஞ்சுவது கேட்டது. சின்னக்கருப்பு, கரண்டா என்று மீசையைத் தடவினார். லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை பார்க்கிறவர். கரண்ட் மேல் கோபித்துக்கொள்ள அவரால் முடியாது.

அழகர் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்தார். முதல் வரியிலேயே விரல் நின்றுவிட்டது. அழிக்கிற பொத்தானுக்குக் கை போனது. போன கை திரும்பி வந்தது. காதுகுத்து நடக்கிற மண்டபத்தில் பிள்ளையார் சுழியை அழிக்கிறதாவது. அவர் மறுபடி புத்தகத்தைப் பார்த்தார், 'நீக்க மனம் வராவிட்டால்' என்ற இடத்தில் உதடு அசைந்தது. எட்டாம் பக்கத்துக்குத் தாவினார். அந்த வரியை எழுதும்போது கிருபாவதி நினைத்தது, வராத பங்காளியின் பேரை அடிக்க மனம் வராத ஒரு வீட்டுக்காரரைத்தான். கணபதிக்கு அதில் இடம் இருப்பது அவளுக்கே தெரியாது.

அவர் 'உ' என்ற பேரில் ஒரு ஸ்லைடைச் சேர்த்தார். லேப்டாப்பில் இருந்த சாமி படங்களிலிருந்து மஞ்சள் பூசிய ஒரு பிள்ளையாரை எடுத்து அதில் வைத்தார். பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

திரையில் பிள்ளையார் வந்தார். ஆள் உயரம். மண்டபம் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மேளக்காரர் தானாகவே மறுபடி ஆரம்பித்துவிட்டார். சின்னக்கருப்பு உள்ளே காலெடுத்து வைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அந்தக் கை இறங்குமுன் அழகர் அடுத்த ஸ்லைடைத் தட்டிவிட்டார். லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து இறங்குகிற ராட்சதக் குழாய்களுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிற சின்னக்கருப்பு திரையில் வந்தார். தாய்மாமன் தன் படத்தையே தலைக்கு மேல் கைதூக்கிக் கும்பிட்டபடி நின்றார்.

முதலில் சிரித்தது பவுனுதான். அப்புறம் தட்டு தூக்கி வந்தவர்கள். அப்புறம் அவரே. "பிள்ளையாருக்கு அடுத்து நம்மதானாய்யா" என்று சொல்லிவிட்டு மேடையை நோக்கி நடந்தார். மண்டபம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கிருபாவதி சிரித்தாளா அழுதாளா என்று பக்கத்து அம்மாளுக்கு விளங்கவில்லை. இந்தத் தடவை கேட்காமலே வெந்நீர் வாங்கி வந்து கொடுத்துவிட்டார்.

பிள்ளைகள் மாமன் மடியில் உட்கார்ந்து வீரிட்டு அழுது காது குத்தி முடித்தபிறகு, பந்திக்குப் போகிற வழியில் கிருபாவதி மேஜையோரம் போய் நின்றாள். அந்தப் புத்தகத்தை எழுதியது தான்தான் என்றாள். அழகர் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்கதானாக்கா? போனே எடுக்கலையே?"

"எடுத்திருந்தா நீங்க படிச்சிருக்க மாட்டீங்க."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாஸ்தவந்தான் என்றார். அப்போதே ஸ்டான்லி அண்ணாச்சி போனில் வந்தார். போன் போட்டியா என்றுதான் முதல் கேள்வி. போட்டேன் அண்ணாச்சி, யாரும் எடுக்கல, அப்புறம் புத்தகத்தைப் பார்த்தே பண்ணிட்டேன் என்று அழகர் உள்ளதை உள்ளபடி சொன்னார். யாரும் வாய் திறக்கலேன்னா அப்ப புத்தகந்தான் ஜெயிச்சிருக்கு, எல்லா ஆபரேட்டருக்கும் ஒண்ணு அடிக்கச் சொல்லு என்று வந்தது பதில்.

பிள்ளையார் சுழிக்கு ஒரு பக்கம் சேர்த்துத் தருகிறேன், இந்தப் பிரதியைக் கொடுங்கள், திருத்தி வேறு அனுப்புகிறேன் என்று கிருபாவதி கையை நீட்டினாள். அழகர் கொடுக்கவில்லை. பத்தொன்பதாம் பக்கத்தில் அவர் விரல் பட்ட இடத்தில் சந்தனம் தீற்றியிருந்தது. ஓரத்தில் பென்சிலால் 'முதல் ஸ்லைடு பிள்ளையார்' என்று எழுதி வைத்திருந்தார்.

"இத எப்படிக்கா தர்றது? புதன்கிழமை கூடலூர்ல எனக்கு விசேஷம் இருக்குல்ல" என்று புத்தகத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

அவள் எழுதி ஒட்டியதையெல்லாம் இதுவரை மழை கிழித்தது, எண்ணெய் கறையாக்கியது, ஞானதுரை ஒரு தடவை ஒன்றில் வெற்றிலை மடித்தார். எனக்கு வேண்டும், தரமாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் சின்னமனூர் வரைக்கும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதும் சிரித்தாள். அவரும் என்னவென்று தெரியாமலே சிரித்துவிட்டுப் போனார்.

வீரபாண்டி தாண்டும்போது பைக்குள் சர்ச் மணி அடித்தது. ஞானதுரை. மிக்ஸியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எடுக்கப் போனவள், நிறுத்தினாள். பையை சீட்டில் வைத்தாள். அதன்மேல் உட்கார்ந்தாள். மணி மூன்று தடவை அடித்து ஓய்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே தேங்காய்ச் சட்னி வாசம். ஞானதுரை கையில் கரண்டியோடு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என்னமோ புதையல் எடுத்தவர் முகத்தோடு நின்றிருந்தார்.

"ஏ கிருபா, உனக்கு ஒரு விசயம் தெரியுமா?" என்றார். "நம்ம மிக்ஸிக்கு அடியில ஒரு செவப்புப் பொத்தான் இருக்கு."